கிராமத் தொகுதியிலிருந்து ஒரு முதல்வர்

கேள்வி: மாகாண அரசு என்ற ஒன்றே இல்லாத சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு, கனடாவில் கிராமத் தொகுதி உறுப்பினர் ஒருவர் நாட்டின் மருத்துவ முறையையே மாற்றினார் என்று அங்கு படிக்கும் என் மகள் சொன்னது வியப்பளித்தது. அவர் யார்? – வாசகி, ஈசூன்

பதில்: டாமி டக்ளஸைத்தான் உங்கள் மகள் குறிப்பிட்டிருக்க வேண்டும். 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், கோதுமை வயல்கள் சூழ்ந்த சஸ்காட்செவன் மாகாணத்தின் வேபர்ன் என்னும் சிற்றூருக்குப் பாதிரியாராக வந்து, 1930களின் வறட்சியில் விவசாயிகள் பட்ட பாட்டைக் கண்டு அரசியலில் இறங்கினார். 1934இல் மாகாணத் தேர்தலில் தோற்றார்; மறு ஆண்டே கூட்டரசு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1944இல் வேபர்ன் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்று, 17 ஆண்டுகள் மாகாண முதல்வராக இருந்தார்.

சிறுவயதில் எலும்பு நோயால் காலை இழக்கவிருந்த அவரை, மருத்துவர் ஒருவர் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டுக் கட்டணமின்றி அறுவை செய்து காப்பாற்றினார்; அத்தகைய வாய்ப்பு தற்செயலாக அமையக் கூடாது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. 1947இல் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. நம் சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவ் போல் அவரவர் கணக்கில் சேமிப்பதன்று. மாகாணமே பொதுவாகச் சுமப்பது. மருத்துவர் கட்டணத்துக்கும் காப்பீடு விரிந்த 1962 ஜூலையில், மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது டக்ளஸ் கூட்டரசு அரசியலுக்குத் திரும்பியிருந்தார். நெருக்கடியைத் தாங்கியவர் அடுத்த முதல்வர் உட்ரோ லாயிட். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. டக்ளஸும் வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மாதம் கூட்டரசுத் தேர்தலில் ரெஜைனா தொகுதியில் தோற்றிருந்தார்.