மூன்றடிப் பலகையில் ஒரு ரயில் யார்டு: கேள்வி பதில்

வில்லிவாக்கத்தில் ஒரு படுக்கையறை மட்டுமே உள்ள வாடகை வீடு எங்களுடையது. பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள இடத்தில் மாடல் ரயில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

மடிப்பாக்கம்: அண்ணா, ஹாலில் 3 அடிக்கு 1 அடிதான் கிடைக்கும். ஹெச்.ஓ வாங்கலாமா, 'என்' ஸ்கேலா?

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள் தம்பி. ஹெச்.ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 'என்' என்றால் 160-இல் ஒரு பங்கு. நம் ஐ.சி.எஃப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். ஹெச்.ஓவில் அது 24.5 செ.மீ. ஆகும், 'என்' ஸ்கேலில் 13.3 செ.மீ. தான். உங்கள் பலகை 91 செ.மீ. ஹெச்.ஓவில் ஓர் இன்ஜினையும் மூன்று பெட்டிகளையும் வைத்தாலே பலகை நிறைந்துவிடும். ரயில் எங்கே நகரும்? 'என்' வாங்குங்கள். சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்குள் என்னைப் போன்ற வெள்ளெழுத்துக்காரர்களுக்குக் கழுத்து வலிக்கும், உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

போரூர்: ரயில் வட்டமாகச் சுற்றி வராவிட்டால் என்ன சுவாரசியம் சார்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு வட்டம் போட்டேன், இரண்டாவது வாரம் சலித்துவிட்டது. அப்புறம்தான் ஷண்டிங், அதாவது வேகன்களைப் பிரித்து வேறு வரிசையில் கோக்கும் வேலை, பக்கம் வந்தேன். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' என்ற அமைப்புக்கு இரண்டு பாயிண்ட்டுகளும் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்) மூன்று பாதைகளும் போதும். ஒரு பாதையில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. முன்பக்கம் இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க இடம் விட வேண்டும். மொத்தம் எட்டு வேகன்கள். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, அதில் ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீளமான பாதையில் கோத்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழிகள் உண்டு, சலிக்காது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயிலில் போகும்போது முன்னும் பின்னும் போய்வரும் இன்ஜினை வேடிக்கை பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

நம் ஊரில் நிலக்கரி ஏற்றிப் போகும் பாக்ஸ்என் வேகன் 10.7 மீட்டர், அதாவது 'என்' ஸ்கேலில் 6.7 செ.மீ. எட்டு வேகன் ஆட்டம் மூன்றடிக்குள் முடிந்துவிடும். ஹெச்.ஓவில் ஆட ஐந்தடியாவது வேண்டும்.

வியாசர்பாடி: மாசம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் அண்ணா. முடியுமா?

முடியும். ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினிலும் பாயிண்ட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிநாட்டு மாடல்களின் விலைக்கு ஒரு காரணம் சுங்கவரி. பொம்மைகளுக்கான வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. அதனால் ஆறேழு மாதம் சேர்த்துவைத்து ஒரே ஓர் இன்ஜின் வாங்குங்கள்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். பலகைக்கு டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோல், ஒட்டுவதற்கு ஃபெவிகால் (ஃபெவிக்விக் தெர்மாகோலை அரித்துவிடும்). கட்டடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. செடிக்குப் பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்த ஸ்பாஞ்ச், மண்ணுக்குக் காயவைத்த டீத்தூள். ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்துக்கொள்ளலாம், ஆனால் போடுவதற்கு முன் அதில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் துகள் இருந்தால் அது இன்ஜின் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

திருவான்மியூர்: கடல் காற்றில் தண்டவாளம் என்ன ஆகும்?

இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமே வாங்குங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் கூடாது, அது போடும் கீறலில் அழுக்கு சேரும். பிளைவுட் என்றால் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வளைந்துவிடும். தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். மே மாத வெயிலுக்கு அது வேண்டும்.

பெரம்பூர்: நம்ம ஊர் அகலப்பாதையை அப்படியே காட்ட முடியுமா சார்?

கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் முடியாது. அகலப்பாதை 1,676 மி.மீ., ஹெச்.ஓவில் 19.3 மி.மீ. வர வேண்டும். விற்பதோ 16.5, வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நேர் எதிரே பார்த்தால் நம் இன்ஜின் ஒல்லிக்கால் போல இருக்கும். எனக்குப் பழகிவிட்டது. மனசு ஒப்பாவிட்டால் மீட்டர் கேஜுக்குப் போங்கள். ஹெச்.ஓவில் 1,000 மி.மீ. என்பது 11.5, அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாக வரும். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் தொடங்கி 2004 வரை ஓடியது. அதைச் செய்யத்தான் எனக்கு ஆசை. பெட்டியை அட்டையில் நாமேதான் வெட்ட வேண்டும். அளவும் வண்ணமும் பார்க்க, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறதே.

அம்பத்தூர்: ரயிலின் வேகத்தையும் திசையையும் மாற்றும் கன்ட்ரோலர் விலை அதிகமாக இருக்கிறதே?

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்குப் போங்கள். 12 வோல்ட் 1 ஆம்ப் டி.சி. அடாப்டர், பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் முறை) வேகக் கட்டுப்பாட்டு போர்டு, திசை மாற்ற ஆறு கால் சுவிட்ச் ஒன்று, கூடவே ஒரு ஃபியூஸ். லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட், அதைத் தொடாதீர்கள். மோட்டார் கோர்லெஸ் (சுருளுக்குள் இரும்பு இல்லாத) வகையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில பி.டபிள்யூ.எம். போர்டுகளில் அது சூடேறிக் கெட்டுவிடும்.

கொளத்தூர்: ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்.

பீரோ தலையில் வையுங்கள். ஆடும்போது மட்டும் சாப்பாட்டு மேசைக்கு இறக்கிக்கொள்ளலாம்.

அண்ணா நகர்: பழைய இன்ஜின் வாங்கலாமா?

ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். "புதுசு மாதிரி" என்ற பேச்சை நம்பி ஒன்றை வாங்கி, வீட்டில் வைத்து ஓட்டினால் ஒரே சீராக 'டக் டக்' என்றது. உள்ளே பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்த இன்ஜின் இப்போது யார்டு மூலையில் கண்டமாகி நிற்கிறது. டீத்தூளைத் துருவாகப் பூசிவிட்டேன், பார்க்க வருபவர்கள் முதலில் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.