ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால்

வணக்கம் சேர்,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவுக்காக, உளவியலாளர் பியாஜே வகுத்த பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சிப் பருவங்களைப் படித்து வருகிறேன். ஐந்தரை வயது மகனிடம் தண்ணீர்ப் பரிசோதனையைச் செய்து பார்த்தேன். சம அளவாக நிரப்பிய இரண்டு கிளாஸ்களில் ஒன்றை ஒடுங்கிய போத்தலில் ஊற்றியதும், போத்தலில்தான் கூட இருக்கிறது என்கிறான். மூன்று இரவுகள் செய்தும் அதே பதில். பின்தங்கியிருக்கிறானா? புலமைப்பரிசிலை நினைத்து இப்போதே டியூஷனுக்கு அனுப்பலாமா? போனில் என்ன செயலி போட்டுக் கொடுக்கலாம்?

அன்புள்ள மகளுக்கு,

செயலிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மகன் பின்தங்கவில்லை. இரண்டு முதல் ஏழு வயது வரையான பருவத்தில் பிள்ளை உயரத்தைக் கண்டால் அகலத்தை விட்டுவிடும் என்பது உங்கள் பாடக்குறிப்பிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை மூன்று இரவுகள் போத்தலுக்கு முன்னால் உட்காரவைத்தீர்களே, அதற்குத்தான் உங்கள்மீது கோபம் வருகிறது.

பியாஜே இளைஞராகப் பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கு இட்ட பணி. அவரோ ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகப் பிழைவிடுவதைக் கவனித்து, அந்தப் பிழைக்குள் இருக்கும் நியாயத்தைத் தேடப் போனார். நீங்கள் அவர் பெயரைச் சொல்லி, அவர் கைவிட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அவருடைய கேள்விமுறையிலும் ஒரு கோளாறு உண்டு. ஊற்றுவதற்கு முன் ஒரு முறையும் ஊற்றிய பின் ஒரு முறையும் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டால், தன் முதல் விடை பிழையாக்கும் என்று பிள்ளை நினைக்காதா? ரோஸ், பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் வரிசையாக அடுக்கிய பொருள்களை வைத்து, இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் கூடுதலானோர் சரியாகச் சொன்னார்கள். அதே காலத்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் வில்லைகளை இரு வரிசையாக அடுக்கி, ஒரு வரிசையைப் பெரியவரின் கைக்குப் பதிலாகக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைப்பதாகச் செய்தபோது, நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எண்ணிக்கை மாறவில்லை என்றார்கள். பெரியவரே கலைத்தபோது ஆறில் ஒரு பங்கினர்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள். பொம்மை கலைத்தால் பிள்ளைக்கு அது விபத்து; ரீச்சர் கலைத்தால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்பே தராசடியில் கற்றேன். எனக்கு எட்டு வயது. எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பதினாறு கிலோ தேயிலைக் கொழுந்து வேண்டும். ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கும் தண்ணிக்குமென்று இரண்டு கிலோ வெட்டுவார்கள். காலையில் ஏழு, பகலில் ஆறு நிறுத்த ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு மலைக்கு ஏறி அம்மாவிடம் சொன்னேன்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, ஆறுல ரெண்டு போனா நாலு, அப்ப ஒம்பது. இன்னும் ஏழு வேணும். அந்திக்குத் தராசுல ஒம்பது நிக்கணும்மா." எட்டுதான் நின்றது. அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போட்டார்கள். கணக்கு சரிதானா என்று நான் கேட்டதன் பலன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இனித் தராசடிக்கு வரக்கூடாது என்ற உத்தரவு.

அதே கிழமை வகுப்பில் கரும்பலகையில் 21இலிருந்து 6ஐக் கழிக்கச் சொன்னார்கள். கடன் வாங்க மறந்து, ஆறிலிருந்து ஒன்றைக் கழித்து 25 என்று எழுதினேன். முட்டியில் அடிமட்டத்தால் விழுந்தது. வெட்டு போன பிறகு 21 கிலோ 25 ஆனது என்று தராசடியில் எவராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கரும்பலகையில் இருந்தவை கிலோவும் இல்லை, அம்மாவின் பேரும் இல்லை.

பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகளைப் பற்றிய 1985ஆம் ஆண்டு ஆய்வொன்றைப் பிற்காலத்தில் படித்தபோது அந்த முட்டி மறுபடி வலித்தது. ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் பணம்) என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயதுப் பையன் பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, பிறகு 315 என்று மும்மூன்றாகக் கூட்டி 350இல் வந்து நின்றான். தெருவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் செய்த அந்தப் பிள்ளைகள், அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37ஐத்தான் சரியாகச் செய்தார்கள். நம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் "மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேரிடம் நாம் 37ஐ மட்டும் பார்த்திருப்போம்!

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்தரை வயதில் வேண்டாம். ஆறிய பிளேன்ரீயைக் கேத்தலில் கொடுத்து, உங்கள் கிளாஸிலும் அவனுடைய ஒடுங்கிய கப்பிலும் இருவருக்கும் சண்டை வராதபடி சரிசமமாக ஊற்றச் சொல்லுங்கள். கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம். அவன் எதைப் பார்த்து, எங்கே நிறுத்துகிறான் என்று எனக்கு எழுதுங்கள்.