டிரெயின் நட்டு வழுக்கினால் சேம்பரையே மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி: எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றப் போன இடத்தில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் நட்டின் தலை வழுக்கி உருண்டையாகிவிட்டது. இனி கழற்ற முடியாது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரையே மாற்ற வேண்டும், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒன்று பிடித்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். ஆயில் சொட்டவில்லை. மாற்றிவிடலாமா?

வேண்டாம். போயிருப்பது தலை, மரை இல்லை. இந்த இரண்டும் ஒன்றென்று வண்டிக்காரரை நம்ப வைத்துத்தான் பல சேம்பர்கள் விற்பனையாகின்றன. சொட்டவில்லை என்றால் மரையும் வாஷரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. ஆயில் மாற்றும் கெடு தாண்டிவிட்டதா? ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். புது ஃபில்டர், புது ஆயில் போட்டு ஓட்டுங்கள். நட்டை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சைலன்சர் போல்ட் துருவால் இறுகும். அதற்கு ராத்திரி முழுக்க துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுவது சரி. டிரெயின் நட்டின் மரை எப்போதும் ஆயிலில் கிடக்கிறது, அங்கே துருவுக்கு இடமே இல்லை. அது இறுகியதற்குக் காரணம் போன தடவை முடுக்கிய கை, அல்லது காற்றில் ஓடும், நட்டு முடுக்கும் கன். பல சிறிய பெட்ரோல் கார்களில் இந்த நட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் பல பட்டறைகளில் இருக்கிறது, பெட்டிக்குள். பில்லில் மட்டும் எல்லாம் முறைப்படி நடந்ததாக இருக்கும்.

மீண்டும் அதே ஸ்பேனரை வைக்க விடாதீர்கள். சாதாரண ரிங் ஸ்பேனருக்கு உள்ளே பன்னிரண்டு முனை. அது நட்டின் மூலைகளைப் பிடிக்கிறது, உங்களுக்கோ மூலைதான் இல்லை. ஆறு முனை சாக்கெட் பக்கங்களை அழுத்தும். தேய்ந்த தலை 17ஆம் நம்பர் என்றால் 16ஆம் நம்பர் ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றச் சொல்லுங்கள். அந்தத் தட்டலிலேயே இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அப்புறம் நீளமான கைப்பிடி போட்டு ஒரே சீராக இழுக்க வேண்டும், வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. அதற்கும் வழுக்கினால், உள்ளே சுருள் பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இதற்கென்றே கடையில் கிடைக்கிறது. திருப்பத் திருப்ப தலையைக் கடித்துப் பிடிக்கும். உளி வைத்து ஓரத்தில் தட்டுவது கடைசி வழி.

கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பி, கழற்றுவதாக நினைத்து முடுக்கியே தலையை உருட்டியவர்கள் நிறைய. நட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் அவசியம்.

தலைமேல் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றுவோம் என்பார்கள். மற்ற இடங்களில் அருமையான வைத்தியம். ஆயில் நிற்கும் சேம்பரில் வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனமாகப் பாருங்கள்: சேம்பர் தகரமா, அலுமினியமா? காந்தம் வைத்தால் ஒட்டினால் இரும்புத் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினியம் என்றால் உளி, பெரிய சுத்தியல் இரண்டும் கூடாது, விரிசல் விடும். எஞ்சினைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஓடவிட்டுக் கழற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும். அலுமினிய மரை மென்மையானது, இரும்பு நட்டோடு சேர்ந்து உரிந்து வரவும் வாய்ப்பு உண்டு. அப்படி வந்தாலும் சேம்பர் குப்பை இல்லை. நல்ல லேத் பட்டறையில் சேம்பரை இறக்கிக் கொடுத்தால் மரையில் சுருள் இன்சர்ட் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டு அதே அளவு நட்டைப் பூட்டித் தருவார்கள். வண்டியிலேயே வைத்து மரை போடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அலுமினியத் தூள் உள்ளே விழும். ஒன்றும் ஆகாது, ஆயிலோடு வந்துவிடும் என்பார். அவர் எஞ்சின் இல்லையே.

புதுப்பேட்டைச் சேம்பர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நல்ல சரக்கும் உண்டு. ஆனால் உங்களுக்குக் கைமாறி வரும்போது அது எந்த வண்டியில் இருந்தது, எத்தனை தடவை இடித்து நிமிர்த்தப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேஸ்ட் தடவி ஒட்டும் வேலைக்குக் கூலி தனி, நடுவில் கமிஷன் தனி. மாற்றியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், மரை எங்கே போயிருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். நட்டைக் கழற்றாமல் மரையைக் காட்ட அவராலும் முடியாது.

கழன்றதும் பழைய நட்டைத் திரும்பப் பூட்டாதீர்கள். புது நட்டும் புது வாஷரும் பாக்கெட்டோடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். ஆர்டர் போட்டால்தான் வரும் என்று கவுண்டரில் சொன்னால் போட்டுவிட்டு வாருங்கள், அதுவரை ஓட்டலாம். முதல் சில சுற்று விரலாலேயே ஏற்றச் சொல்லுங்கள், கன் வேண்டாம். ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுப் பாருங்கள். சொட்டு இல்லை என்றால் காசைக் கொடுங்கள்.