பார்சல் வரும்வரை குஷி

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் இருக்கிறோம், இருவருமே வேலைக்குப் போகிறோம். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் போனைத் திறந்தால் எதையாவது ஆர்டர் போட்டுவிடுகிறேன். பார்சல் வரும்வரை ஒரே குஷி, பிரித்த மறுநாளே சலித்துவிடுகிறது. ஏர் ஃப்ரையர் வாங்கி 2 தடவை அப்பளம் பொரித்ததோடு சரி. இப்போது 3 இ.எம்.ஐ. ஓடுகிறது. எனக்கு ஏதாவது மனக்கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் ஒன்றும் இல்லை, சகோதரி. 1971-இல் பிரிக்மன், கேம்பெல் என்ற இரு உளவியலாளர்கள் இந்தச் சலிப்புக்கு ட்ரெட்மில்லைத்தான் உவமையாகச் சொன்னார்கள். எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருப்போம்.

ஏர் ஃப்ரையர் விளம்பரங்களில் வரும் மாமியாரைக் கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் இல்லாத சமோசாவைக் கடித்துவிட்டு மருமகளைப் பார்த்துச் சிரிப்பார். நீங்கள் காசு கொடுத்தது அந்தச் சிரிப்புக்கு. பெட்டியில் அதை வைத்து அனுப்ப மாட்டார்கள்.

என் அம்மா கிரைண்டருக்காக 20 மாதம் சீட்டுக் கட்டினார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று அதன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். யார் வீட்டுக்குப் போனாலும் கிரைண்டர் பேச்சுத்தான். வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் அதுவும் வெறும் கிரைண்டர் ஆகிவிட்டது. 'கழுவறதுக்குள்ள இடுப்பு போகுது' என்று புலம்பல் வேறு. ஆனால் அந்த 20 மாதச் சந்தோஷம் அவருக்கு வட்டியில்லாமல் கிடைத்தது. உங்களுக்குக் கிடைப்பது 2 நாள்.

வட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ. என்பதை நம்பாதீர்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். கிரெடிட் கார்டு என்றால் வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் சேரும். ஸ்டேட்மென்டை எடுத்து ஒரு வரி விடாமல் பாருங்கள்.

'இன்னும் 2 மட்டுமே மீதம்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுவதும் அப்படித்தான். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்துவிட்டது. பொய் என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

சரி, என்ன செய்வது? ஆசைப்படுவதை நிறுத்தச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, நானும் கேட்டதில்லை. பிடித்ததைக் கார்ட்டில் போடுங்கள், பேரைச் சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள், அடுத்த மாதம் 1-ஆம் தேதி எடுத்துப் பாருங்கள். ஓடுகிற 3 இ.எம்.ஐ. முடிந்ததும் அதே தொகையை ஆர்.டி.யில் போடுங்கள். கார்டு விவரத்தை ஆப்பிலிருந்து இன்றைக்கே அழித்துவிடுங்கள். நடுராத்திரியில் எழுந்து போய் ஹேண்ட்பேக்கைத் துழாவுவதற்குள் பாதி ஆசை போய்விடும்.

ஏர் ஃப்ரையரை விற்க வேண்டாம், பாதி விலைகூடத் தேறாது. அதன் காலிப் பெட்டி இன்னும் பரணில்தானே இருக்கிறது? அதை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.