ரோடு போட வீட்டுக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறிய நகராட்சி. பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவை நடுவில் வெட்டிக் குழாய் பதித்தார்கள். மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி, 14 மாதமாக அப்படியே கிடக்கிறது. வெயிலில் புழுதி, மழையில் சேறு. போன ஐப்பசியில் என் மாமியார் பால் வாங்கப் போகும்போது பள்ளத்தில் கால் மடங்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கவுன்சிலரைக் கேட்டால் "டெண்டர் ஆயிடுச்சு" என்கிறார். நகராட்சியில் கேட்டால் குழாய் போட்டவர்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை என்கிறார்கள். குழாய் போட்டவர்களோ "எங்க வேலை முடிஞ்சுது, ரோடு நகராட்சிதான் போடணும்" என்கிறார்கள். இப்போது ஒருவர் வந்து, 'நமக்கு நாமே' திட்டத்தில் ரோடு வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூலிக்கிறார். 42 வீட்டில் 11 வீடு கொடுத்துவிட்டது. நாங்களும் கொடுக்கலாமா? அல்லது கோர்ட்டுக்குப் போகலாமா? - ஓர் ஆசிரியை.

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. கொடுத்துவிட்ட 11 வீட்டுக்காரர்களும் இன்றே போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

'நமக்கு நாமே' உண்மையான அரசுத் திட்டம். அதனால்தான் அந்தப் பெயரைச் சொன்னதும் நம்பிவிடுகிறோம். பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆனால் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. தெருக்காரர்கள் ஆணையருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்து எஸ்டிமேட் போடுவார். உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வரும். அதை வரைவோலையாக எடுத்து அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குவீர்கள். இதில் எந்த இடத்திலும் ஒரு தனி ஆள் வீடு வீடாக வந்து ரொக்கம் வாங்கும் வேலை கிடையாது.

கணக்கையும் பாருங்கள். 42 வீடு, வீட்டுக்கு 5,000 என்றால் 2,10,000 ரூபாய். இது மூன்றில் ஒரு பங்கு என்றால் மொத்த வேலை 6,30,000 ரூபாய். அந்த எஸ்டிமேட்டை உங்களில் யாராவது பார்த்தீர்களா? "எஸ்டிமேட் காப்பி கொடுங்க, நாங்களே டி.டி. எடுத்து ஆபீஸ்ல கட்டிக்கிறோம்" என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். 27 வருடம் நகராட்சிகளில் பொறியாளராக இருந்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு மறுபடி அந்தத் தெருவுக்கு வந்த வசூல்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. உங்கள் தெருவுக்கு அந்தத் திட்டமே தேவையில்லை. ஒரு தெருவை வெட்டும்போதே, வெட்டிய இடத்தைத் திரும்பச் சரிசெய்வதற்கான பணத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். சாக்கடைத் திட்டத்தின் எஸ்டிமேட்டிலேயே 'சாலை சீரமைப்பு' என்று ஒரு தொகை இருக்கும். இல்லையென்றால் வெட்டுகிறவர்கள் அனுமதி வாங்கும்போதே நகராட்சியில் சாலை வெட்டுக் கட்டணம் கட்டியிருப்பார்கள். ஆக, உங்கள் தெருவுக்கான பணம் ஏற்கெனவே எங்கோ ஒரு கணக்குத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை. கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போட வேண்டியதில்லை.

தாமதத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குழியை மூடும்போது அரை முழத்துக்கு மேற்படாமல் அடுக்கடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். நடப்பது என்னவோ, ஜே.சி.பி. வாளியால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த மண் முதல் மழையில் ஒரு சாண் இறங்கும், இரண்டாவது மழையில் இன்னும் இறங்கும். அதன்மேல் உடனே தார் போட்டால் தாரும் சேர்ந்து உள்ளே போய்விடும். அதனால் ஒரு மழைக்காலம் பொறுப்பது சரிதான். வீட்டு இணைப்புகள் கொடுத்து முடிக்கும்வரை காத்திருப்பதும் சரி. இல்லையென்றால் போட்ட ரோட்டை வாசலுக்கு வாசல் குறுக்கே வெட்டுவார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நம் பக்கத்தில் தார் வேலை நடக்காது. ஈரத்தில் தார் ஒட்டாது.

ஆனால் 14 மாதத்துக்கு இந்தக் காரணம் எதுவும் செல்லாது. மழைக்காலமும் போய், கோடையும் போய்விட்டது. ஜல்லியும் கிராவலும் கொட்டி ரோலர் விட்டு நடக்கிற மாதிரியாவது செய்து கொடுத்திருக்கலாம், அதற்கு டெண்டர்கூடத் தேவைப்பட்டிருக்காது. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது, அந்த அலுவலகம் இதைக் கை காட்டுகிறது. நடுவில் வயசான அம்மா ஒருவர் பால் தூக்கோடு விழுகிறார். இத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு எனக்கே இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒப்படைப்புக் கடிதம் என்பது இரண்டு பொறியாளர்கள் ஒரு காலைப்பொழுதில் சேர்ந்து நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற காகிதம். அதற்கு ஏன் ஒரு வருடம் ஆகிறது?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசமிட்டு நகராட்சிக்கு ஒன்று, குழாய் போட்ட துறைக்கு ஒன்று. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். "ஏன் ரோடு போடவில்லை? எப்போது போடுவீர்கள்? யார் பொறுப்பு?" என்று கோபமாக எழுதுகிறார்கள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் அவர்களுக்குக் கடமை இல்லை. "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறையில் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். எங்கள் தெருவை வெட்ட அனுமதித்த உத்தரவின் நகல், அதற்குக் கட்டிய கட்டணத்தின் ரசீது நகல், திட்ட எஸ்டிமேட்டில் சாலை சீரமைப்புக்கான பக்கங்களின் நகல், டெண்டர் விட்டிருந்தால் வேலை உத்தரவின் நகல், எங்கள் தெரு தொடர்பான எம்.புக் பக்கங்களின் நகல். இந்த ஐந்தும் போதும். பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.

எம்.புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், அகலம், கனம் வேலை நடந்தது என்று பொறியாளர் கைப்பட எழுதுவார், அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் ஆகும். ஒரு ஊரில் ஒரு தெருவின் எம்.புக்கைப் புரட்டியபோது, மண்ணாகக் கிடந்த தெருவுக்குச் சீரமைப்பு முடிந்ததாக அளவு எழுதியிருந்ததை நானே பார்த்தேன். நீலப் பேனாவில், மீட்டருக்குப் பின்னால் இரண்டு தசம இடம்வரை சுத்தமாக எழுதியிருந்தது. உங்கள் தெருவிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கேட்டாலே பல இடங்களில் ரோலர் வந்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இன்னொரு எச்சரிக்கை. "மனுவை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று சிலர் வருவார்கள். தகவல் உரிமைக்காக மெய்யாகவே உழைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. உங்கள் பெயரில் மனுப் போட்டு, அதைக் காட்டி ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசிவிட்டு, பிறகு 'தகவல் தேவையில்லை' என்று உங்கள் பெயரிலேயே எழுதிக்கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ஆசிரியை, உங்கள் கையால் நீங்களே எழுதுங்கள்.

'நம்ம சாலை' செயலியில் படம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கானது. நகராட்சித் தெருவுக்கு அதில் வழியில்லை. முதல்வரின் உதவி எண் 1100-இல் பதிவு செய்யலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உயர்நீதிமன்றம்வரை இப்போதே போக வேண்டாம். "வீட்டுக்கு இரண்டாயிரம் போட்டால் ரிட் போட்டுவிடலாம்" என்று யாராவது வந்தால் அவரையும் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன்னால் கோட்டாட்சியர் இருக்கிறார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி, பொதுவழியில் உள்ள தொல்லையை நீக்கச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 133-ஆவது பிரிவு. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊரில், சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு வார்டு மக்கள் இந்த 133-ஐ வைத்துத்தான் மனுப் போட்டார்கள். நகராட்சி நிதியில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, நிதியில்லை என்று கைவிரித்து நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கலாம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தெரு மனைப்பிரிவில் உண்டான தெருவா? மனை போட்டவர் அந்தத் தெருவைத் தானப்பத்திரம் எழுதி நகராட்சிக்குப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் மனைகளை மட்டும் விற்றுவிட்டுப் போயிருந்தால், காகிதத்தில் அந்தத் தெரு இன்னமும் அவர் நிலம்தான். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவு செய்யத் தணிக்கை விடாது. ஊரே நடக்கிற தெருவாக இருக்கும், தெருவிளக்கு எரியும், வரி ரசீது வரும், ஆனாலும் ரோடு மட்டும் வராது. குழாய் மட்டும் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்துவிடும். இதைச் சரிபார்க்க நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் தெருவின் புல எண்ணைப் பாருங்கள். 'சாலை' அல்லது 'தெரு' என்று இருந்தால் கவலையில்லை. மனை போட்டவர் பெயரே இன்னும் இருந்தால், முதலில் அவரையோ வாரிசுகளையோ தேடிப்பிடித்துத் தானப்பத்திரம் வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால், 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் உண்டு. அந்தக் கோப்பு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் ஐந்து வருடம் மனுப் போட்டுக்கொண்டே இருந்த ஒரு தெருவை எனக்குத் தெரியும். வசூல்காரர்களுக்கும் இப்படிப்பட்ட தெருக்கள்தான் பிடிக்கும், ஏனென்றால் அங்கே வேலை நடக்காது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

ரோடு போட வருகிற அன்று ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் மேன்ஹோல் மூடிகள் இப்போது தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூடியின் மட்டம்தான் வரப்போகிற ரோட்டின் மட்டம். இன்றே ஒரு ஸ்கேலை வைத்து, மூடி உங்கள் வாசற்படியைவிட உயரமா தாழ்வா என்று அளந்து படம் எடுத்து வையுங்கள். உயரம் என்றால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டிருக்கிறார். குழிக்கு இரண்டு பக்கமும் மிஞ்சியிருக்கிற பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே ஊற்ற வந்தால் அந்த உத்தரவைச் சொல்லி நிறுத்துங்கள்.

உங்கள் மாமியார் விஷயம். அன்று மருத்துவமனையில் கொடுத்த சீட்டு, எக்ஸ்ரே படம், மருந்து ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விழுந்தார், யார் தூக்கிவிட்டார்கள் என்பதைத் தேதியோடு எழுதி, தூக்கிவிட்டவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். கோட்டாட்சியர் மனுவோடு இதன் நகலை முதல் பக்கமாக இணைத்து, இந்தத் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள்.