'மஸன்ட்' என்றால் 'வேண்டியதில்லை' அல்ல

வாடிக்கையாளருக்கு 'யூ மஸன்ட் (mustn't) கம் டுமாரோ' என்று எழுதினீர்கள், அவர் கோபித்துக்கொண்டார், ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு 'நாளைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை' என்ற பொருள் வராது. 'வரவே கூடாது' என்ற தடை அது. அவர் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை. நீங்கள் எழுத நினைத்தது 'யூ டோன்ட் ஹேவ் டு கம்'.

குழப்பம் நம் 'வேண்டாம்' என்ற சொல்லில்தான் தொடங்கியிருக்கும். 'வர வேண்டாம்' என்பதைச் சலுகையாகவும் சொல்கிறோம், கறாராகவும் சொல்கிறோம். குரல்தான் வித்தியாசம் காட்டும். 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று படித்திருப்பீர்கள். உடன்பாட்டு வாக்கியத்தில் சரி. எதிர்மறையாக்கினால் ஒன்று தடை, மற்றது விடுதலை.

அனுப்பும் முன் வாக்கியத்தின் கடைசியில் 'விருப்பமிருந்தால் வரலாம்' என்று மனதுக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'டோன்ட் ஹேவ் டு' அல்லது அதே பொருள் தரும் 'நீடன்ட்' (needn't). இடித்தால் மட்டும் 'மஸன்ட்'.

ஒன்று கவனியுங்கள்: அமெரிக்கர்கள் பேச்சில் 'மஸன்ட்' அதிகம் வராது, தடைக்குப் பெரும்பாலும் 'கான்ட்' என்பார்கள். அப்புறம், நடுவிலுள்ள 'ட்' ஒலிக்காது. 'மஸ்டன்ட்' என்று சிரமப்பட வேண்டாம். (இது சலுகை 'வேண்டாம்'தான்.)