தோட்டத்தில் எதற்கு இரும்பு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் ஒரு சிற்பத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மரங்களும் புல்வெளியும் அவ்வளவு அழகு. ஆனால் நடுநடுவே துருப்பிடித்த இரும்புத் தகடுகள், உருவமே பிடிபடாத கற்கள். இவை இல்லாமலே தோட்டம் நன்றாகத்தானே இருக்கும்? இவற்றை எப்படித்தான் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்தத் துரு. அது அநேகமாக கார்ட்டென் எஃகாக இருக்கும், செம்பும் குரோமியமும் கலந்தது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அதன்மேல் படியும் துருவே உள்ளிருக்கும் உலோகம் வேகமாக அரிக்கப்படாமல் காக்கிறது, ஆரஞ்சு நிறம் வருடக்கணக்கில் அடர்பழுப்பாக மாறுகிறது. வண்ணம் தீட்டும் வேலையை சிற்பி வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறார். கூரைக்குக் கீழே இது நடக்காது.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா இந்த எஃகில் நிறைய வேலை செய்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் என்ற சிற்பத் தோட்டத்தில் அவருடைய நான்கு தகடுகள் சரிவான புல்வெளியில் பாதி புதைந்து நிற்கின்றன. தகட்டின் மேல்விளிம்பு மட்டமாகப் போக, நிலம் இறங்க இறங்க எஃகு வெளியே வருகிறது, அப்போதுதான் அந்த மேடு இவ்வளவு சரிகிறதா என்பதே நம் கண்ணுக்குப் படுகிறது. தகடு இல்லையென்றால் அது வெறும் புல்வெளி. உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

அப்புறம், ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள். அதே ஸ்டார்ம் கிங்கில் பிரிட்டிஷ் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தி கட்டிய கல்சுவர் 2,278 அடி நீளம். மரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போய், குளத்துக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிறது. கூடவே நடந்தால்தான் அது ஒரு சிற்பம்.

ஆனால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. கேலரிக்காகச் செய்த சிற்பத்தைத் தூக்கிவந்து புல்லில் இறக்கிவிட்டு, சிற்பத் தோட்டம் என்று பலகை மாட்டும் இடங்கள் உண்டு. மனதுக்குள் அந்தச் சிற்பத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எதுவுமே குறையவில்லை என்றால், தயங்காமல் கடந்துபோங்கள். ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் தன் ‘ஷீப் பீஸ்’ சிற்பத்தை ஆடுகள் மேயும் வயலிலேயே வைத்தார், ஆடுகள் அதில் உரசிக்கொள்கின்றன, நிழலுக்கு ஒதுங்குகின்றன. அதை அங்கிருந்து எடுக்க எனக்கு மனம் வராது.

சரி, இன்னொரு தடவை போங்கள், முடிந்தால் மழை விட்டதும். நனைந்த எஃகின் நிறமே வேறு.